கத்தாமல் சொன்னவை

பழனி
12.6.2025

ரஷாத் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மெகர்பானு அக்கா தெருமுனையிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டாள்.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் பையோடு கடை முன்னால் வந்து நின்றேன். "எங்க கெளம்பிட்ட?" என்றீர்கள். அக்கா வீட்டுக்கு என்றேன். "எப்ப வருவ?" என்று கேட்டீர்கள். நான் சொன்ன பதில் உங்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். தெரியாது என்றுதான் சொன்னேன்.

போன் போட்டால் உங்களுக்குக் கேட்காது. எழுதி அனுப்பலாம் என்று நம் பிள்ளை ரஷாத் வாங்கித் தந்த புதுப் போன் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது. தபால் ஒன்றுதான் மிச்சம்.

சர்க்கரை மாத்திரை மேல் தட்டில், பச்சை டப்பாவில் இருக்கிறது. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. அரிசி ஊறவைத்துத்தான் வடிக்க வேண்டும், அந்தக் குளிரில் லேசில் வேகாது.

அந்தக் காது மெஷினைப் போடுங்கள். இரண்டு வருஷமாகச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். போடாவிட்டால் வரமாட்டேன் என்று மிரட்டவில்லை. போடாத வீட்டில் இனிமேல் குடித்தனம் நடத்த என் உடம்பில் வலு இல்லை. அவ்வளவுதான்.

சுலைகா


பெருமாள்மலை
19.6.2025

சுலைகாவுக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம்.

உன் கடிதம் வந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். அதிலும் மெஷின்தான்.

எனக்கு என்ன குறை வந்துவிட்டது? காலை ஆறரைக்குக் கடையைத் திறக்கிறேன். வருகிறவர்கள் சீட்டைக் கொடுக்கிறார்கள். சீட்டு இல்லாதவர்கள் சாமானைக் கையால் காட்டுகிறார்கள். பெருமாள்மலையில் யார் வீட்டில் எந்தப் பருப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவேன். ஜீப் ஸ்டாண்ட் பொன்னுவேல் தினமும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். எங்களுக்குள் ஒரு தடங்கலும் இல்லை.

மெஷினைப் போட்டே பார்க்கவில்லை என்று நினைக்காதே. மதுரையில் மாட்டிவிட்ட அன்று பஸ்ஸில் உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். மண்டைக்குள் ஆணி இறக்கியது போலிருந்தது. பின் சீட்டில் ஒரு பிள்ளை அழுதது. கண்டக்டரின் விசில். எல்லாம் தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம். வத்தலக்குண்டு வருவதற்குள் கழற்றிவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எலக்ட்ரானிக் தராசு வைத்தபோதும் மூன்று மாதம் பழைய தராசில் ஒரு தடவை நிறுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். எனக்குப் புதுசு எதுவும் உடனே ஒட்டாது. என்னிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் அது உள்ளே வரும். ஐம்பத்தைந்து வயதுவரை இருந்த காது போன பிறகு, காது இல்லாமல் இருக்கப் பழக எனக்கு ஏழு வருஷம் ஆனது. இப்போதுதான் பழகியிருக்கிறேன். மறுபடியும் முதலிலிருந்தா?

நீ பெருநாளுக்கு முன்னாலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தாய். டீ தாமதமானதை நான் கேட்டதற்கா இவ்வளவு கோபம்? வீம்பை விட்டுவிட்டு வந்து சேர். சோறு குழைந்துவிடுகிறது.

கிபாயத்துல்லா


பழனி
27.6.2025

ரஷாத் அத்தாவுக்கு,

டீ என்று எழுதியிருந்தீர்கள். சரி, அந்த டீயின் கதையை எழுதுகிறேன்.

ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மழை. கடைக்கு ஆள் வரவில்லை, நீங்கள் மட்டும் முன்னால் இருந்தீர்கள். நான் பின்னால் குளியலறையில் துணி அலசப் போனேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கிவிட்டது. வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. இடுப்பை அசைக்க முடியவில்லை.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவரும் பத்தடித் தூரமும்தான். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். கதவு திறந்திருந்தது. உங்கள் முதுகு எனக்குத் தெரிந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். பிறகு "ரஷாத் அத்தா" என்று. அதற்கப்புறம் உங்கள் பேரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேரை வாயால் சொன்னதில்லை. அன்று எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. நீங்கள் ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பினீர்கள். கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதுகைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். கத்தாமல் வேறு என்ன செய்வது?

ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி தண்ணீர்க் குடத்தோடு கொல்லைப் பக்கம் வந்தாள். அவள்தான் தூக்கி உட்கார வைத்தாள். துணி மாற்றிவிட்டு, தைலம் தேய்த்துவிட்டுப் போனாள். அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். "டீ இன்னும் போடலையா?" என்று கேட்டீர்கள்.

"விழுந்துட்டேன்" என்றேன்.

"ஆமா, நல்லா விழுகுது. ராத்திரி பூராவும் பெய்யும் போல" என்றீர்கள்.

எழுந்து டீ போட்டேன். நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் உரக்கக் கத்த வேண்டும். கத்தி முடித்தவளிடம் மறுபடி கத்து என்றால் எப்படி? எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கை வீக்கம் வற்றிவிட்டது. உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. டீ என்று எழுதினீர்கள், அதற்காகத்தான்.

சுலைகா


பெருமாள்மலை
10.7.2025

சுலைகாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒருவர் கால் கிலோ கடுகு கேட்டு நின்றிருந்தார். கடுகைத் தராசில் கொட்டிவிட்டு மறுபடி கடிதத்தை எடுத்துப் படித்தேன். அவரே கடுகைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

சண்முகவள்ளியிடம் கேட்டேன். "ஆமாண்ணே" என்று உதடு அசைந்தது. மேலே ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்க அவமானமாக இருந்தது.

பத்து நாளாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுதுவதற்குப் பதிலாக ஒரு வேலை செய்திருக்கிறேன். பண்ணைக்காட்டிலிருந்து எலக்ட்ரீசியன் சேனாதிபதியை வரவழைத்து, குளியலறையில் தாழ்வாக ஒரு சுவிட்சு, சமையற்கட்டில் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். எதை அழுத்தினாலும் கடையில் கல்லாவுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். நானே குளியலறைத் தரையில் படுத்து, கை எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டுகிறது. பொன்னுவேல் கடையில் நின்று பல்பு எரிகிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

தரையில் படுத்தபோது கதவு வழியாக என் நாற்காலி தெரிந்தது.

இனி அப்படி நடக்காது. வா.

கிபாயத்துல்லா


பழனி
22.7.2025

ரஷாத் அத்தாவுக்கு,

மூன்று சுவிட்சு வைத்திருக்கிறீர்கள். வீட்டுச் சுவரையெல்லாம் துளை போடச் சம்மதித்த நீங்கள், உங்கள் காதில் விரல்நுனி அளவு ஒரு சாமானை வைக்கச் சம்மதிக்கவில்லை. படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிக்கும்போதுகூட சத்தம் வரக்கூடாது என்று டாக்டர் உத்தரவு.

இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்காதான் எழுது எழுது என்கிறாள்.

அன்று ஒரு மணி நேரம் கத்தியதில் போன குரல் எனக்குத் திரும்பவில்லை. பெருநாள் அன்று நான் ஊமை மாதிரி இருந்தது கோபத்தால் இல்லை. பேச்சு வரவில்லை. உங்களுக்கு எப்படியும் வித்தியாசம் தெரியாதே என்று விட்டுவிட்டேன். இங்கே பழனியில் பார்த்தோம், அவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். ஜூன் முப்பதாம் தேதி தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் வருகிற இடத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதாம். ஒருநாள் கத்தியதால் வந்ததில்லை, வருஷக்கணக்காகக் கத்தியதால் வந்தது என்றார் டாக்டர்.

"டீச்சரா இருந்தீங்களாம்மா? இல்ல, மார்க்கெட்ல ஏலம் விட்டீங்களா?" என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டு சொன்னாள்: "அதெல்லாம் இல்ல டாக்டர். இவ வீட்டுக்காரருக்குக் காது கேக்காது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, நான் ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது. ஆகஸ்டு பதினொன்றோடு முடிகிறது. அதற்கப்புறமும் கத்தக் கூடாது, இனி எப்போதுமே. கத்தினால் இருக்கிறதும் போய்விடுமாம். கத்தாமல் உங்கள் வீட்டில் நான் எப்படி இருப்பது என்று நீங்களே சொல்லுங்கள். "குழம்பு கொதிக்குது", "ரஷாத் போன் பண்ணினான்", "எனக்கு இன்னைக்கு முடியலை", இதையெல்லாம் சொல்ல எந்த சுவிட்சை அழுத்துவது?

இங்கே ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறேன். பேசாமல் இருப்பது முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. இப்போது இல்லை. உண்மையைச் சொன்னால், ஏழு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஓய்வாக இருக்கிறேன்.

சுலைகா


பெருமாள்மலை
6.8.2025

சுலைகாவுக்கு,

மெஷினைப் போட்டுவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள்.

உன் கடிதம் கிடைத்த அன்றே அலமாரியைத் திறந்தேன். மெஷினோடு இருந்த பேட்டரி எல்லாம் வீணாய்ப் போயிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்குத் தனியாகப் போனேன். வேலை நாளில் கடை பூட்டியிருந்ததைப் பார்த்து நான் மௌத்தாகிவிட்டேன் என்று இரண்டு பேர் பொன்னுவேலிடம் விசாரித்தார்களாம். மெஷின் வாங்கிய இடத்தில் இருந்த பெண் மறுபடி பரிசோதித்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து வைத்துக் கொடுத்தது. "உடனே நல்லா இருக்காது சார். உங்க மூளைக்குச் சத்தமெல்லாம் மறந்துபோயிருக்கும். தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழகணும்" என்றது. அந்தப் பிள்ளை சொன்னதில் முக்கால்வாசி கேட்டது.

நன்றாகத்தான் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். கடையில் பிரிட்ஜ் இவ்வளவு இரைச்சல் போடும் என்று எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கவரைத் தொட்டால் காதுக்குள் நெருப்புப் பற்றுகிற மாதிரி இருக்கிறது. நான் சாப்பிடும்போது என் தாடைச் சத்தம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மத்தியானத்துக்குள் தலை வலித்து, கழற்றி மேசையில் வைத்துவிடுகிறேன். கழற்றியதும் பழைய அமைதி வருகிறது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு மறுபடி எடுத்து மாட்டுகிறேன்.

நேற்றுப் பொன்னுவேல் கடையில் உட்கார்ந்து யாருக்கோ போன் பேசினார். "வெரசா வாலே, செவிட்டு பாய் கடையிலதான் இருக்கேன்" என்றார். சொல்லி முடித்து நிமிர்ந்தவர் என் காதைப் பார்த்துவிட்டார். முகம் செத்துவிட்டது. நான் அவருக்கு டீயை ஊற்றினேன். ஏழு வருஷமாகக் கடைக்கு அதுதான் பேர். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. கோபப்படக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஹாரனுக்கும் விசிலுக்கும் பயந்து நான் மெஷினைக் கழற்றவில்லை. அன்று பஸ்ஸில் நீ "இப்ப கேக்குதா?" என்று கேட்டாய். அதுவும் அதே தகரச் சத்தமாக வந்தது. உன் குரல் எனக்குத் தெரியும். ரஷாத்தைத் தூங்க வைக்கும்போது கேட்ட குரல், கடைக்கு உள்ளேயிருந்து "உப்பு இருக்கா பாருங்க" என்ற குரல். காது போனாலும் அது எனக்குள் அப்படியே இருந்தது. நீ கத்தும்போதுகூட உன் உதட்டைப் பார்த்து அந்தக் குரலைத்தான் நான் பொருத்திக்கொள்வேன். மெஷின் வந்தால் அது போய்விடும் என்று பயந்தேன். நான் உள்ளே அந்தக் குரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தபோது நீ வெளியே அதையே தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

பதினைந்தாம் தேதி ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் செய்வேன். மெதுவாகப் பேசு. கேட்டுக்கொள்வேன்.

கிபாயத்துல்லா


பெருமாள்மலை
15.8.2025, சாயங்காலம்

சுலைகாவுக்கு,

போனை வைத்துவிட்டு நேரே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் போன். அழைப்பு போகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். "சொல்லுங்க" என்று ஒரு குரல். கரகரவென்று, தாழ்வாக, வயசான ஆம்பிளைக் குரல் மாதிரி. உன் அக்கா வீட்டு மச்சான் என்று நினைத்துவிட்டேன்.

"சுலைகாகிட்ட குடுங்க மச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று காதைத் தட்டிப் பார்த்தேன். பிறகு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அது நீதான் என்று அந்த மூச்சில் தெரிந்தது. "சுலைகா" என்றேன். அதற்குள் நீ வைத்துவிட்டாய். மறுபடி இரண்டு தடவை போட்டேன். எடுக்கவில்லை.

நீ குரல் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். நான் படித்தேன். படித்தும் எனக்குள் அது இறங்கவில்லை. ஆறு வாரம் முடிந்ததும் பழைய குரல் வந்து நிற்கும் என்று காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

என்னை மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் முடிகிறது.

கிபாயத்துல்லா


பழனி
23.8.2025

ரஷாத் அத்தாவுக்கு,

கோபத்தில் வைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டு முதல் நாள் நானே பயந்தேன். ஆறு வாரம் கழித்து டாக்டர் "இப்ப உங்க பேரச் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். அக்கா திரும்பி, பின்னால் யார் வந்தார்கள் என்று பார்த்தாள். கூடவே இருந்தவளுக்கே அப்படி என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

மருந்து தொடர்ந்து சாப்பிட்டால் கொஞ்சம் தெளியுமாம். பழையபடி வராது என்று சொல்லிவிட்டார். இனி இதுதான் என் குரல். உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். பழகினால் போதும். நானும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் திக்ரு ஓதும்போது வேறு யாரோ ஓதுகிற மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் மெஷினைப் போட்டுவிட்டேன் என்று எழுதிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. போடுங்கள் போடுங்கள் என்று இரண்டு வருஷம் உயிரை வாங்கியவள் நான்தான். போட்டதும் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் உங்கள் முன்னாலேயே, உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, உங்களைத் திட்டியிருக்கிறேன். மெதுவாக, முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு. "இந்த மனுசனோட எப்படித்தான் காலம் தள்ளுறது" என்று தினமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, சோறு நல்லா இருக்கு என்பீர்கள். அது எனக்கு ஒரு ஆறுதலாகவே ஆகிவிட்டது. இனிமேல் அதற்கும் வழியில்லை. சொல்வதையெல்லாம் நீங்கள் கேட்பீர்கள். கேட்கிற புருஷனோடு எப்படி இருப்பது என்று எனக்கு மறந்துவிட்டது.

இந்தக் கடிதங்களும் பழகிவிட்டன. இப்படி நிதானமாக நாம் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று. அங்கே வந்தால் இது நின்றுவிடுமோ என்றும் இருக்கிறது.

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ எழுத இன்றைக்கு என்னால் முடியவில்லை. களைப்பாக இருக்கிறது.

சுலைகா


பெருமாள்மலை
30.8.2025

சுலைகாவுக்கு,

நீ திட்டியது எனக்குத் தெரியும். எல்லாம் இல்லை, பாதி தெரியும். உதட்டைப் படிக்கிறவனிடம் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? "காலம் தள்ளுறது" என்கிற சொல் எனக்கு நன்றாகப் பிடிபடும். சோறு நல்லா இருக்கு என்று சொன்னால் நீ அதோடு நிறுத்திவிடுவாய். அதனால் சொல்வேன். அன்று "விழுந்துட்டேன்" என்றாயே, அதைத்தான் தப்பாகப் படித்துவிட்டேன்.

நீ வர வேண்டாம். நான் வருகிறேன். கடைச் சாவியைச் சண்முகவள்ளி வீட்டில் கொடுத்தாகிவிட்டது. பத்து நாள் பூட்டிக் கிடந்தால் ஊர் பட்டினி கிடக்காது. திங்கட்கிழமை காலை பஸ். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடவும் கூடும். அப்படியானால் தபால் வந்த பிறகு வாங்கிப் படி. எனக்கு நேரில் பேச வரவில்லை என்றால் உன் கையில் இது இருக்கட்டும்.

வந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உன் குரல் எனக்கு ஒட்டாமல்தான் இருக்கும். முகம் சுளித்தாலும் சுளிப்பேன், அது உன்னைப் பார்த்து இல்லை. பழகுகிறவரை நீ பேசு. தோன்றினால் திட்டு. பிறகு நீ கிளம்பலாம் என்றால் கிளம்புவோம், இன்னும் இருக்க வேண்டும் என்றால் நான் மட்டும் திரும்பி வந்து கடையைத் திறந்துகொள்கிறேன்.

காலையில் பஸ் நேரம் விசாரிக்க ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் எனக்கு விவரம் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். கண், நெற்றி, எல்லாம். அப்போதுதான் உறைத்தது. ஏழு வருஷமாக நான் உன் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெகர்பானு அக்காவிடம் சொல்லி வை. என்னைக் கண்டதும் கத்த வேண்டாம். மெதுவாகச் சொன்னால் கேட்கும்.

கிபாயத்துல்லா